தறி இல்லாதவர்களின் காவடி

சங்க வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்தால், உடம்பு எப்படி இருக்கிறது என்று கொஞ்ச நேரம் விசாரித்துவிட்டு, கடைசியில் கேட்பது ஒன்றுதான். அதிகாரியிடம் உள்ளே போய் எப்படிப் பேசுவது? எங்கே பிடித்து நிற்பது, எங்கே விட்டுக்கொடுப்பது?

இதற்குப் பதில் சொல்ல நான் ஆளில்லை. நான் நாலாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சின்ன வயதிலிருந்தே பயந்த சுபாவம். மேகம் கறுத்தால் தெருவில் நீட்டின பாவு நூல் நனைந்துவிடுமோ என்று கவலை, வெயில் ஏறினால் இழை அறுந்துவிடுமோ என்று கவலை. இப்படிப்பட்டவன் உள்ளே போய்ப் பேசிச் சாதித்தது கொஞ்சம்தான். அதனால் உள்ளே உட்கார்ந்த நாட்களை விட்டுவிட்டு, நான் வெளியே ஓடிக்கொண்டிருந்த ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் கேள்விக்குப் பதில் அதில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு இன்னமும் சரியாகத் தெரியவில்லை.

இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசிக் காலம். எங்கள் பொதட்டூர்பேட்டையில் தெருத் தெருவாகத் தறிச் சத்தம் நின்றுபோயிருந்தது. நூல் சர்க்கார் கண்ட்ரோலுக்குப் போய்விட்டது. கடையின் முன்வாசலில் கேட்டால் நூல் இல்லை. பின்வாசலில் இருந்தது, ஆனால் அந்த விலைக்கு வாங்கி நெய்தால் லுங்கி விற்ற காசு நூலுக்கே காணாது. பக்கத்து அம்மையார்குப்பத்திலும் இதே கதைதான்.

வேலை போனவர்கள் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதில் இரண்டு வகை உண்டு. எங்கள் வீட்டைப் போலச் சொந்தத் தறி வைத்திருந்தவர்கள் ஒரு வகை. தறி இல்லாமல், அடுத்தவர் தறிக்கு உழைத்தவர்கள் இன்னொரு வகை. ஊடு நூலைக் குச்சியில் தார் சுற்றுவார்கள், விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுவார்கள், கூலிக்குத் தறியில் இறங்கி நெய்வார்கள். தறி நின்றால் எங்களுக்கு வருமானம் போகும். ஆனால் வீடு இருக்கும், அடகு வைக்க ஏதாவது இருக்கும். அவர்களுக்கு அன்றைக்கே அடுப்பு அணையும்.

அப்படித் தறி இல்லாதவர்களில் ஒருத்தி ரங்கம்மா. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீடுகளுக்கும் தார் சுற்றிக்கொண்டிருந்தவள். புருஷன் பட்டணத்துக்குத் துறைமுக வேலைக்குப் போனவன், தகவல் இல்லை. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், சண்டையில் இரண்டும். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். நான் அக்கா என்பேன், அவள் என்னை நைனா என்பாள்.

சங்கத்தை ஆரம்பித்தவர் எங்கள் காரியதரிசி. அவர் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அரக்கோணத்தில் ரயில்வே வேலை பார்த்து, ஒரு வேலைநிறுத்தத்தில் அதை இழந்து, மாமனார் ஊரான எங்கள் ஊருக்கு வந்தவர். எனக்கு உலகம் தெரிந்ததே அவரால்தான். முதல் கூட்டத்தில் அவர் சொன்னது இது:

"வேலையில இருக்கறவன் வேலைய நிறுத்துவேன்னு சொல்லி மெரட்டலாம். வேலையே இல்லாதவன் எத நிறுத்துவான்? அவன் கையில ஒண்ணும் கெடையாது. எத்தினி தல ஒண்ணா நிக்குதுன்றது ஒண்ணுதான் அவன் பலம்."

முதலில் தலைகளைச் சேர்ப்பதற்கே பெரும்பாடாக இருந்தது. கஞ்சித் தொட்டி வைக்கலாம் என்றார் அவர். கேழ்வரகு திரட்டினோம். கே.ஜி.கண்டிகைப் பக்கத்து விவசாயிகள் கொஞ்சம் கொடுத்தார்கள், முடிந்த தறிக்காரர்கள் வீட்டுக்கு ஒரு பிடி கொடுத்தார்கள். தெரு நடுவில் அடுப்பு மூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், தறி இல்லாதவர்கள் வந்தார்கள். தறிக்காரர்கள் வரவில்லை. பசிக்காமல் இல்லை. நேற்று வரைக்கும் கூலி கொடுத்த கையில் இன்றைக்குச் சட்டி ஏந்துவதா? என்னைப் பெற்ற நைனாவே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுத்திருந்தார். தனித்தனியாகப் பட்டினி கிடந்தால் சங்கம் எங்கிருந்து வரும் என்று காரியதரிசி தலையில் கை வைத்துக்கொண்டார்.

ரங்கம்மாதான் வழி சொன்னாள். "இன்னாத்துக்கு இத கஞ்சித் தொட்டின்னு சொல்லிகினு கீறீங்க? ஆடி பொறந்துட்ச்சி. அம்மனுக்குக் கூழ் ஊத்தறோம்னு சொல்லுங்க. எவன் வராம இருப்பான்?"

அடுப்பைக் கங்கையம்மன் கோயில் வாசலுக்கு மாற்றினோம். வேப்பிலை கட்டினோம். ஆடி மாதத்தில் அம்மன் கூழை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? எங்கள் நைனா சொம்போடு முதலில் போய் நின்றார். வரிசையில் அவருக்கு முன்னால் நின்றவன் கேட்டான்: "இன்னா மாமா, நீயுமா?"

"அம்மன் கூப்ட்டா வரத்தாண்டா வேணும்" என்றார் அவர், சிரிக்காமல்.

அன்றைக்கு எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து குடித்தோம். காரியதரிசி சாமி கும்பிடாதவர். அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "பாத்தியா, பேர மாத்தினதும் ஜனம் வந்துட்ச்சி" என்று என்னிடம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. பெயரை மாற்றினோம் என்று அவர் நினைத்தார். ரங்கம்மா பெயரை மாற்றவில்லை. அவள் நிஜமாகவே அம்மனுக்குத்தான் ஊற்றினாள். பானையில் முதல் அகப்பையை எடுத்து வாசலில் விட்டுவிட்டுத்தான் மனிதருக்கு ஊற்றுவாள். அதை அவர் கவனிக்கவில்லை.

ஆடிக்கிருத்திகை நெருங்கியது. திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லா. ஜில்லாவில் யாருக்கு எவ்வளவு நூல் என்று தீர்மானிக்கிற பெரிய அதிகாரி, திருவிழா பந்தோபஸ்துக்காகத் திருத்தணி தாலுகா ஆபீஸில் முகாம் போடுகிறார் என்று தெரிந்தது. யுத்த காலம் என்பதால் ஊர்வலத்துக்கும் கூட்டத்துக்கும் தடை. காரியதரிசி ஒரு யோசனையோடு வந்தார்.

"ஊர்வலம் போனாத்தானே புடிப்பான்? காவடி எடுத்துகினு போவோம். புஷ்பக் காவடி. பூவுக்கு நடுவுல, தறியில ஓடற நாடாவயும் தார்க் குச்சியயும் நூலில்லாம காலியா கட்டுவோம். தாலுகா ஆபீஸ் வந்ததும் காவடிய எறக்கி வெச்சிட்டு அங்கியே ஒக்காந்துடுவோம். நூல் எல்லாருக்கும்னு எழுதிக் குடுக்கற வரைக்கும் எழுந்திரிக்கறதில்ல."

ஒருவன் கேட்டான்: "முருகனுக்கு நூல் பர்மிட் வேணுமான்னு போலீஸ்காரன் கேட்டா இன்னா சொல்றது?"

"ரெண்டு சம்சாரம் கட்டினவரு. பொடவைக்கு நூல் வேணாமா?" என்றாள் ரங்கம்மா. கூட்டமே சிரித்தது.

எல்லாருக்கும் என்ற வார்த்தையைத்தான் நாங்கள் கெட்டியாகப் பிடித்திருந்தோம். தறி உள்ள வீட்டுக்கு நூல், தறி இல்லாதவருக்கு அந்த நூலிலிருந்து கட்டாயம் வேலைப் பங்கு. அதற்கு அவர்கள் பெயரும் சர்க்கார் கொடுக்கிற நூல் பங்கீட்டு அட்டையில் ஏற வேண்டும். அப்படிப் பெயர் ஏறாவிட்டால் ரங்கம்மாவைப் போன்றவர்கள் சர்க்கார் கண்ணில் நெசவாளியே இல்லை.

காவடி எடுப்பவர்கள் விரதம் இருந்தார்கள். பாதிக்கு மேல் தறி இல்லாதவர்கள்தான். ரங்கம்மாவும் மஞ்சள் துணி கட்டிக்கொண்டாள். நான் என் வழக்கப்படி கவலைப்பட்டேன். வழியில் மழை வந்தால்? போலீஸ் தார்க் குச்சியைப் பார்த்துவிட்டால்? வெறும் வயிற்றோடு நடப்பவர்கள் மயங்கி விழுந்தால்? நான் கவலைப்படாத விஷயம் ஒன்றுதான். அதுதான் நடந்தது.

விடியுமுன் புறப்பட்டோம். கே.ஜி.கண்டிகையில் அம்மையார்குப்பத்தார் வந்து சேர்ந்துகொண்டார்கள். அங்கே சாலையோரம் நீர்மோர் கொடுத்தார்கள். காவடிக்காரர்கள் குடித்தபோது காவடியைக் கீழே வைக்கவில்லை. பக்கத்தில் வெறுந்தோளோடு வந்தவர்களின் தோளுக்கு மாற்றி, குடித்து, திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிற பழக்கம். பூஜை போட்டுத் தோளில் ஏற்றின காவடி சன்னிதியில்தான் இறங்கும். காரியதரிசி பீடி பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தபடிதான் நின்றார். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

திருத்தணியில் குளத்தில் முழுகிவிட்டு மலைக்குப் போகிற வழியில், தாலுகா ஆபீஸ் முன்னால் போய் நின்றோம். பம்பைச் சத்தத்தில் ஆபீஸ் ஓடுகள் அதிர்ந்தன. அதிகாரி வராந்தாவுக்கு வந்து பார்த்தார். பூவுக்கு நடுவில் தொங்கிய காலி நாடாக்களைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் மாறியது. காரியதரிசியையும் தறிக்காரர்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். உள்ளே நடப்பதை வெளியே தாக்கல் சொல்ல நான் வாசலில் நின்றுகொண்டேன்.

உள்ளே பேச்சு நன்றாகவே ஆரம்பித்தது. உட்காரச் சொன்னார். தறி இல்லாதவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று விசாரித்தார். அட்டையில் சேர்க்க வழி இருக்கிறதா என்று குமாஸ்தாவைக் கூப்பிட்டு விதிகளைப் பார்க்கச் சொன்னார். எனக்கு நம்பிக்கை வந்தது.

வெளியே, உட்காருங்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் உட்காரவில்லை. பின்னால் வேறு ஊர்க் காவடிகள் வந்து நெருக்கின. எங்கள் ஆட்களில் சிலருக்கு ஆவேசம் வந்து ஆடத் தொடங்கியிருந்தார்கள். நான் ரங்கம்மாவிடம் போய், "அக்கா, எறக்கி வெச்சிட்டு ஒக்காருங்க, அப்போதான் மத்தவங்களும் ஒக்காருவாங்க" என்றேன்.

என்னை ஏதோ புத்தி பேதலித்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "ரோட்டுல வெக்கறதா? இன்னா பேசற நைனா?"

"அப்டித்தானே பேசிகினோம்?"

"எறக்கறதுன்னு சொன்னது அவரு. நிக்கறோம்னுதான் நாங்க வந்தோம். நின்னோம். கூழு ஊத்தினப்போ தெரியலியா ஒனக்கு? இது வேஷமில்ல."

கூட்டம் நகர்ந்தது. முதலில் நாலைந்து காவடிகள், பிறகு எல்லாம், அரோகரா சத்தத்தோடு படிக்கட்டுப் பக்கம் போய்விட்டன. காவடி இல்லாமல் கூட வந்தவர்களும் தோள் மாற்றப் பின்னாலேயே போனார்கள். தெருவில் நானும், சிதறின சாமந்தியும், பட்டாணி கொறித்துக்கொண்டிருந்த ஒரு போலீஸ்காரரும்தான் மிச்சம்.

உள்ளே அதிகாரி எழுந்து ஜன்னல் பக்கம் வந்தார். வெளியே பார்த்தார். "எங்கேப்பா உங்க ஜனம்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு நாற்காலிக்குத் திரும்பினபோது அவர் வேறு ஆளாக இருந்தார். குமாஸ்தாவை அனுப்பிவிட்டார். தறிக்கு ஒரு அட்டை, இந்த மாதமே நூல், மற்றவர்களைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம் என்றார். பொழுது சாய்வதற்குள் காரில் கிளம்ப வேண்டும் என்றும் சொன்னார்.

காரியதரிசி வாசலுக்கு வந்து என் தோளைப் பிடித்தார். "ஓடு. பாதிப் பேர் வந்தாலும் போதும், கூட்டியா."

ஓடினேன். ஆடிக்கிருத்திகைக் கூட்டத்தில் படியேறுவது எப்படி இருக்கும் என்று திருத்தணி தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆட்களின் இடுக்கில் நுழைந்து, திட்டு வாங்கி, பாதிப் படிக்கு மேலே ரங்கம்மாவைப் பிடித்தேன். முகமெல்லாம் வியர்வை, மஞ்சள் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன்.

"எறங்கி வரோம்னு சொல்லு" என்றாள்.

"இப்பவே வரணும் அக்கா. அவர் கெளம்பிடுவார்."

"கெளம்பட்டுமே. இத வெச்சிட்டு வந்து கார் முன்னாடி ஒக்காந்துக்கறோம். எல்லாரும் வரோம். அதுவரிக்கும் பேச்ச இழுத்துகினு இருக்கச் சொல்லு."

"யாருமே வரலன்னு நெனச்சிட்டாரு."

"சாமிக்கு வரேன்னு சொன்னேன், வந்துட்டேன். இப்போ ஒனக்கு வரேன்னு சொல்றேன். பாதியில திரும்பறவள நம்பறதவிட என்ன நம்பறது மேலு இல்லியா?" என்றாள். பின்னால் வந்தவர்கள் தள்ள, மேலே போய்விட்டாள்.

அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். காகிதம் தயாராகி மேஜை மேல் இருந்தது, கையெழுத்து இன்னும் ஆகவில்லை. காரியதரிசி வாசலுக்கு வந்தார். ரங்கம்மா சொன்னதை அப்படியே சொன்னேன்.

"மேல வெச்சிட்டா?" என்று கேட்டார். "மொட்ட போட்டு, பிரசாதம் வாங்கி, கடையப் பாத்துட்டு, அப்டியே ஊருக்குப் போற வண்டியில ஏறிடுவாங்க."

"வருவாங்கண்ணா. சொல்லிட்டாங்க."

என் குரல் உங்களுக்குத் தெரியாது. நல்ல செய்தியையும் கெட்ட செய்தி மாதிரித்தான் என்னால் சொல்ல முடியும். அவர் என் முகத்தைப் பார்த்தார். உள்ளே திரும்பித் தறிக்காரர்கள் இருவரையும் பார்த்தார். அவர்கள் மேஜை மேலிருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டிலும் பசிதான். ஒன்றுமே இல்லாமல் ஊர் திரும்பினால் சங்கம் அன்றோடு போய்விடும் என்று அவர் பயந்தார். அந்தப் பயமும் பொய்யில்லை. போய் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்.

கார் போய் வெகு நேரம் ஆகவில்லை. வெயில் தாழ்ந்திருந்தது. மலைப்பக்கத்திலிருந்து வந்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம், கையில் பிரசாதம். ஒருவர் பாக்கியில்லாமல், அம்மையார்குப்பத்தார் உட்பட, எல்லோரும் வந்தார்கள். வந்து, நாங்கள் காலையில் காட்டின அதே இடத்தில், தாலுகா ஆபீஸ் முன்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள். தெரு நிறைந்துவிட்டது. ஆபீஸ் கதவு பூட்டியிருந்தது.

"ஆங், வந்துட்டோம்" என்றாள் ரங்கம்மா. "ஆபீசர் எங்க?"

காரியதரிசி காகிதத்தை எடுத்து வாசித்தார். தறிக்கு ஒரு அட்டை என்ற இடத்தில் குரல் அடங்கிவிட்டது. தறிக்காரர்கள் பக்கம் சந்தோஷக் குரல் எழுந்தது, எழுந்த வேகத்திலேயே நின்றது.

பின்னாலிருந்து ஒருவன், "தறி இல்லாதவன் இன்னா பண்றதுங்க?" என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான்.

"அத அப்பறமா..." என்று ஆரம்பித்தார் காரியதரிசி.

ரங்கம்மா சண்டை போடுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையிலிருந்த பஞ்சாமிர்தத்தில் கொஞ்சம் எடுத்து அவர் கையில் வைத்தாள். "சாப்ட்டு கெளம்புங்க. ஊட்டுக்குப் போவ நேரமாவுது" என்றாள்.

நூல் வந்தது, குறைவாக. தார் சுற்றக் கூலி கொடுத்தால் கட்டுப்படியாகாது என்று ஒவ்வொரு வீட்டிலும் அவர்களே சுற்றிக்கொண்டார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அடுப்பில் உலை ஏறியதும் கோயில் வாசல் கூழுக்குத் தறிக்காரர்கள் கொடுத்த பிடி கேழ்வரகு நின்றது. யாரும் கெட்டவர்களாகிவிடவில்லை. தறிச் சத்தம் திரும்பியதில் பக்கத்துத் தெருவின் சத்தமின்மை யாருக்கும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

காரியதரிசி சும்மா இருக்கவில்லை. விட்டுப்போன பெயர்களைச் சேர்க்கச் சொல்லிச் சித்தூருக்குப் பலமுறை நடையாய் நடந்தார். ஒவ்வொரு முறையும் வெளியே பெஞ்சில் உட்கார வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். ஒருமுறை ரயிலடியில் காத்திருந்தபோது என்னிடம் சொன்னார்: "அன்னிக்கி அவர் கார்ல ஏறிப் போயிருந்தா இன்னா ஆயிருக்கும்? மறுநாள் எல்லாருமா சித்தூருக்கு நடந்திருப்போம். அவ்ளோதானேடா." இந்தத் தொழிலில் அவரைப் போலப் பேசத் தெரிந்தவரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், பேசுவது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவரைப் படித்துக்கொண்டே, இந்தப் பக்கம் நிற்பவர்களைப் படிக்காமல் விட்டோம். வருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவர் எந்த வழியாக வருவார், வழியில் எங்கே நின்றுவிட்டு வருவார் என்று முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள். எங்களுக்கு அது தெரியாமல் இல்லை, கண்ணெதிரில் இருந்தது.

அடுத்த வருஷம் நூலைத் திரும்பவும் குறைத்தார்கள். தறிகள் மறுபடி நின்றன. சங்கம் கூடி, தாலுகா ஆபீஸுக்குப் போவது என்று முடிவாயிற்று. தறி இல்லாதவர்கள் தெருவுக்கு என்னை அனுப்பினார்கள். பல வீடுகள் பூட்டியிருந்தன, பட்டணம் போய்விட்டிருந்தார்கள். ரங்கம்மா இருந்தாள். கே.ஜி.கண்டிகையில் நடவு வேலைக்குப் போய் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். கை விரல்கள் தடித்துப்போயிருந்தன. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள்.

"தாலுகா ஆபீஸ் போறோம் அக்கா. எல்லாரும் வரணும்."

"தறிக்காரங்க போறீங்களா, நாம போறமா?"

"நாமதான்."

"அப்போ அட்டையில எங்க பேரு ஏறிட்ச்சா?"

"அதயும் கேக்கத்தான் போறோம்."

"கேட்டுட்டு வா நைனா" என்றாள். குரலில் கோபமே இல்லை. "பேர ஏத்திட்டு வந்து கூப்புடு. நாங்க அப்பறம் வரோம்."

குறித்த நாளில் தறிக்காரர்கள் மட்டும் போய் ஆபீஸ் முன்னால் நின்றோம். அதே அதிகாரி இல்லை, வேறொருவர். வராந்தாவுக்கு வந்து எங்களை ஒருமுறை பார்த்தார். எங்களுக்குப் பின்னால் தெருவையும் பார்த்தார். உள்ளே கூப்பிடவில்லை.